நாற்காலிகள் பல, அதிகாரம் எதில்? 1989இல் கிழக்கு ஜெர்மனியின் தலைமை மாற்றங்கள்

1989 அக்டோபர் நடுவிலிருந்து 1990 ஏப்ரல் நடுவரை ஆறே மாதம். அதற்குள் கிழக்கு ஜெர்மனி நாட்டுத் தலைவர்கள் நான்கு பேரையும், பிரதமர்கள் மூன்று பேரையும், ஆளும் கட்சித் தலைவர்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டது. ஹோனெக்கர், கிரென்ஸ், கெர்லாக், பெர்க்மான்-போல், ஷ்டோஃப், மோட்ரோ, டி மெஸியேர், கீஸி என்று பெயர்கள் வரிசையாக வரும்போது புதிதாகப் படிப்பவருக்குத் தலை சுற்றும். பெயர்களை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. எந்தப் பதவி மாறியது, அந்த நாளில் அந்தப் பதவிக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருந்தது என்ற இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் முழுக் கதையும் தெளிவாகிவிடும்.

பதவிகளை முதலில் பிரித்துப் பார்ப்போம்

கம்யூனிஸ்ட் நாடுகளில் அரசு ஒன்று, கட்சி ஒன்று என இரண்டு ஏணிகள் அருகருகே நிற்கும். அரசு ஏணியில் நாடாளுமன்றம், அமைச்சரவை, நாட்டுத் தலைவர் என்று எல்லா நாட்டிலும் இருப்பவை இருக்கும். கட்சி ஏணியில் மாநாடு, மத்தியக் குழு, பொலிட்பீரோ, பொதுச் செயலாளர். நம் ஊர் இடதுசாரிக் கட்சிகளிலும் இதே பெயர்களைக் கேட்டிருப்போம். ஆனால் இங்கே பொலிட்பீரோ ஒரு கட்சியை நடத்துகிறது; அங்கே அது நாட்டையே நடத்தியது. அமைச்சரவை எடுக்க வேண்டிய முடிவு பொலிட்பீரோவில் எடுக்கப்பட்டு, அமைச்சரவைக்கு நிறைவேற்றும் வேலையாக வரும். நாடாளுமன்றம் கையைத் தூக்கி ஒப்புதல் தரும்.

கிழக்கு ஜெர்மனியில் ஆளும் கட்சியின் பெயர் சோஷலிஸ்ட் ஒற்றுமைக் கட்சி. 1946இல் சோவியத் ஆக்கிரமிப்புப் பகுதியில் கம்யூனிஸ்ட் கட்சியையும் சமூக ஜனநாயகக் கட்சியையும் இணைத்து உருவாக்கப்பட்டது. 1968 அரசியல் சாசனத்தின் முதல் பிரிவே உழைக்கும் வர்க்கமும் அதன் மார்க்சிய-லெனினியக் கட்சியும் நாட்டுக்குத் தலைமை தாங்கும் என்று எழுதிவைத்தது. ஆக, கட்சியின் ஆதிக்கம் வெறும் நடைமுறை அல்ல, சட்டம்.

உச்சியில் இருந்த பதவிகள் இவை: கட்சியின் பொதுச் செயலாளர், அரசுக் கவுன்சில் தலைவர், அதாவது நாட்டுத் தலைவர், படைகளுக்குக் கட்டளையிடும் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலின் தலைவர், அமைச்சர் குழுவின் தலைவர், அதாவது பிரதமர். இவற்றில் பொதுச் செயலாளர் பதவிதான் ஆணிவேர்.

அதை நிரூபிக்க 1971ஐப் பார்த்தால் போதும். அதுவரை நாட்டை ஆண்ட வால்டர் உல்பிரிக்டை அகற்றும்படி பொலிட்பீரோவின் பெரும்பான்மையினர் மாஸ்கோவில் இருந்த சோவியத் தலைவர் பிரெஷ்னெவுக்குக் கடிதம் எழுதினார்கள். பிரெஷ்னெவ் தலையசைத்தார். மே 3 அன்று எரிக் ஹோனெக்கர் கட்சித் தலைமைக்கு வந்தார். உல்பிரிக்ட் 1973இல் சாகும்வரை அரசுக் கவுன்சில் தலைவராகவே இருந்தார். யாரும் அவரைக் கேட்டு எதையும் செய்யவில்லை. அவருக்குப் பின் வில்லி ஷ்டோஃப் நாட்டுத் தலைவரானார். அப்போதும் ஆண்டது ஹோனெக்கர்தான். 1976இல்தான் ஹோனெக்கர் அந்தப் பட்டத்தையும் தன்னிடம் எடுத்துக்கொண்டார். ஐந்து ஆண்டுகள் அது இல்லாமலே ஆண்டவருக்கு அது அலங்காரம்.

சாதாரண காலத்தில் தலைவரை எப்படி மாற்றுவார்கள்

விதிப்படி பொதுச் செயலாளரைத் தேர்ந்தெடுப்பது மத்தியக் குழு. நடப்பில் வரிசை தலைகீழ். முதலில் பொலிட்பீரோவுக்குள் ஒரு சிறு குழு சேர வேண்டும். பாதுகாப்பு அமைச்சர்களில் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சதி செய்பவர்களே கைதாகிவிடுவார்கள். மாஸ்கோவின் சம்மதம், குறைந்தது மௌனம், வேண்டும். பிறகு பொலிட்பீரோ கூட்டத்தில் தீர்மானம். அடுத்த நாள் மத்தியக் குழு. அதன்பின் நாடாளுமன்றம் அரசுப் பதவிகளையும் புதியவருக்கு மாற்றித் தரும். வெளியே சொல்லும் காரணம் அநேகமாக 'உடல்நலம்'. ஓட்டு அநேகமாக ஏகமனது.

இந்த முறைக்கு ஒரு அடிப்படைக் குறை உண்டு. பதவிக்காலம் முடிவது என்ற ஒன்றே இதில் கிடையாது. மக்களின் அதிருப்தி எவ்வளவு ஏறினாலும் அது மேலே தெரிய வழியில்லை. 1989 மே 7 உள்ளாட்சித் தேர்தலில் அதிகாரபூர்வப் பட்டியலுக்கு 98.85 விழுக்காடு ஆதரவு என்று அறிவித்தார்கள். தேவாலயங்களைச் சார்ந்த குழுக்களும் தன்னார்வலர்களும் வாக்குச்சாவடிகளில் நின்று எதிர்ப்பு ஓட்டுகளை எண்ணியிருந்தார்கள். கணக்கு இடித்தது. அந்தத் தேர்தல் ஆணையத்தின் தலைவர் எகோன் கிரென்ஸ். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

அக்டோபர் 17

அந்தக் கோடையில் ஹங்கேரி தன் எல்லைவேலியைப் பிரிக்கத் தொடங்கியிருந்தது. செப்டம்பர் 11 அன்று கிழக்கு ஜெர்மானியர் ஆஸ்திரியாவுக்குப் போக எல்லையைத் திறந்தேவிட்டது. 1.6 கோடிப் பேர் வாழ்ந்த நாட்டிலிருந்து அந்த ஒரே ஆண்டில் சுமார் 3.4 லட்சம் பேர் மேற்கு ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போனவர்களில் பலர் இளைஞர்கள், செவிலியர்கள், தொழிலாளர்கள். இந்த நேரத்தில் ஹோனெக்கர் படுக்கையில். ஜூலையில் புகாரெஸ்ட் மாநாட்டில் பித்தப்பை வலியால் விழுந்தவர், ஆகஸ்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு செப்டம்பர் கடைசியில்தான் வேலைக்குத் திரும்பினார். அவர் இல்லாதபோது முடிவெடுக்க யாருக்கும் துணிவில்லை. எல்லாம் ஒருவர் கையில் குவிந்த அமைப்பில் அந்த ஒருவர் நோயில் விழுந்தால் நாடே காத்திருக்கும்.

அக்டோபர் 7, நாட்டின் 40ஆவது ஆண்டுவிழா. சோவியத் தலைவர் கோர்பச்சோவ் விருந்தினர். அக்டோபர் 9, லைப்சிக் நகரில் சுமார் 70,000 பேர் ஊர்வலம் போனார்கள். படைகள் தயாராக நின்றன, சுடவில்லை. ஜூனில் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தைச் சீனப் படை சுட்டு ஒடுக்கியது போல இங்கும் நடக்குமோ என்ற பயம் அன்றிரவு உடைந்தது. அதன்பின் கூட்டம் வாராவாரம் பெருகியது.

பொலிட்பீரோவுக்குள் கிரென்ஸ், கிழக்கு பெர்லின் கட்சிச் செயலாளர் ஷபோவ்ஸ்கி, பிரதமர் ஷ்டோஃப் முதலானோர் சேர்ந்தார்கள். ஸ்டாசி உளவுத்துறையின் அமைச்சர் மீல்கேவும் உடன்பட்டார். தொழிற்சங்கத் தலைவர் ஹாரி டிஷ் அப்போது மாஸ்கோ போக இருந்தார். அவர் மூலம் கோர்பச்சோவுக்குச் செய்தி போனது. கோர்பச்சோவ் தடுக்கவில்லை. 1971இல் மாஸ்கோ முடிவெடுத்தது. 1989இல் மாஸ்கோ கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். கிழக்கு ஜெர்மனியில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட சோவியத் வீரர்கள் முகாமிட்டிருந்த நிலையில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. எந்தத் தலைவர் வந்தாலும் அவரைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பை இனி அந்தப் படை ஏற்காது.

அக்டோபர் 17, செவ்வாய், பொலிட்பீரோவின் வழக்கமான கூட்ட நாள். ஹோனெக்கர் கூட்டத்தைத் தொடங்கியதும் ஷ்டோஃப் குறுக்கிட்டார்: முதல் பொருளாகப் பொதுச் செயலாளரை விடுவிப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் ஆமோதித்தார்கள், ஹோனெக்கரின் வலதுகரமான பொருளாதாரச் செயலாளர் மிட்டாக் உட்பட. அதே கூட்டத்தில் மிட்டாக்கும் பிரசாரச் செயலாளர் ஹெர்மனும் சேர்ந்து பதவி இழந்தார்கள். கடைசியில் ஹோனெக்கரும் தன்னை நீக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினார். கட்சி ஒழுங்கு அப்படி. மறுநாள் மத்தியக் குழுவில் உடல்நலக் காரணம் வாசிக்கப்பட்டது. தனக்குப் பின் கிரென்ஸ் வரட்டும் என்ற பரிந்துரையும் அந்த அறிக்கையிலேயே இருந்தது.

பழைய முறைப்படி எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் ஐம்பது நாளுக்குள் கிரென்ஸிடம் எந்தப் பதவியும் மிஞ்சவில்லை.

கிரென்ஸிடம் என்ன தவறியது

முதல் தடை அவரேதான். 52 வயது, பொலிட்பீரோ அளவில் இளைஞர். ஆனால் பாதுகாப்பு விவகாரங்களுக்கு மத்தியக் குழுச் செயலாளராக இருந்தவர், மே மாதத் தேர்தல் மோசடியின் முகம், தியானன்மென் ஒடுக்குமுறையை வெளிப்படையாக நியாயப்படுத்தியவர். பொலிட்பீரோவில் ஓட்டு வாங்கித் தந்த தகுதிகளே தெருவில் அவரை வீழ்த்தின. உள்ளிருந்து வாரிசைத் தேர்ந்தெடுக்கும் எந்த அமைப்பிலும் இந்தச் சிக்கல் வரும்: பழையவரை நீக்கும் அளவு உள்ளே செல்வாக்கு உள்ளவர், பழையவரின் செயல்களில் பங்காளியாகவும் இருப்பார்.

அக்டோபர் 24 அன்று நாடாளுமன்றம் அவரை அரசுக் கவுன்சில் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 26 பேர் எதிர்த்தார்கள், 26 பேர் நடுநிலை வகித்தார்கள். 500 பேர் அவையில் இது சிறு எண்தான். ஆனால் 1972 கருக்கலைப்புச் சட்டத்தை விட்டால் எப்போதும் ஏகமனதாகவே ஓட்டுப் போட்டு வந்த அவை அது. நெருக்கடிக் காலத்தில் தலைவருக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்பதைவிட எத்தனை விழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, கஜானா. திட்டக் குழுத் தலைவர் ஷ்யூரர் அக்டோபர் கடைசியில் பொலிட்பீரோவுக்குக் கொடுத்த அறிக்கை, வெளிநாட்டுக் கடன் 49 பில்லியன் செலாவணி மார்க் (வெளிநாட்டுக் கணக்குகளுக்கான மார்க்) என்றது. கடன் மேலும் ஏறாமல் நிறுத்த மட்டும் 1990இல் வாழ்க்கைத் தரத்தை 25 முதல் 30 விழுக்காடு குறைக்க வேண்டியிருக்கும், அப்படிச் செய்தால் நாட்டை ஆள முடியாமல் போகும் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. நிகரக் கடன் இதைவிடக் கணிசமாகக் குறைவு என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். அன்று முடிவெடுத்தவர்கள் முன் இருந்தது இந்த எண்தான். நவம்பர் 1 அன்று மாஸ்கோ போன கிரென்ஸ் பண உதவி இல்லாமல் திரும்பினார்.

மூன்றாவது, சலுகைகள் ஒவ்வொன்றும் ஒரு படி பிந்தி வந்தன. பயணச் சட்டத்தைப் பாருங்கள். நவம்பர் 6 அன்று வெளியான வரைவு ஆண்டுக்கு 30 நாள் வெளிநாட்டுப் பயணம் என்றது. அதற்கும் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், மறுக்கவும் அரசுக்கு இடம் உண்டு. ஆகஸ்டில் வந்திருந்தால் கொண்டாடியிருப்பார்கள். நவம்பரில் லைப்சிக் கூட்டம் எள்ளி நகையாடியது. அடுத்த நாளே நாடாளுமன்றத்தின் ஒரு குழு அதை நிராகரித்தது. நவம்பர் 9 அன்று அவசரமாக இன்னொரு விதி எழுதினார்கள். மறுநாள் காலையில் அறிவிக்க வேண்டிய அந்தத் தாளை, அது விவாதிக்கப்பட்டபோது அறையில் இல்லாத ஷபோவ்ஸ்கியிடம் கொடுத்துச் செய்தியாளர் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். எப்போது அமலுக்கு வருகிறது என்று நிருபர்கள் கேட்டதற்கு அவர் தாளைப் புரட்டிவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். எல்லைக் காவலர்களுக்கு எந்த உத்தரவும் போகவில்லை. இரவு பதினொன்றரை அளவில் போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் பொறுப்பில் இருந்த அதிகாரி கூட்ட நெரிசலைத் தாங்க முடியாமல் தானே கதவைத் திறந்துவிட்டார். பெர்லின் சுவர் திறந்தது துணிச்சலான ஒரு முடிவால் என்று பலர் நினைக்கிறார்கள். உத்தரவுச் சங்கிலி அறுந்ததால் திறந்தது என்பதே பொருத்தம்.

நான்காவது, துண்டு துண்டாக ஆள் மாற்றியது. நவம்பர் 7 அமைச்சரவை ராஜினாமா, 8 பொலிட்பீரோ முழுவதும் ராஜினாமா, அன்றே புதிய பொலிட்பீரோ. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் சிலரை அவர்களுடைய சொந்த மாவட்டக் கட்சிக்காரர்களே ஏற்க மறுத்ததால் இரண்டு நாளில் அவர்களும் விலகினார்கள். மேலிருந்து கீழே மட்டுமே உத்தரவு போன கட்சியில் கீழிருந்து மேலே உத்தரவு போகத் தொடங்கியிருந்தது.

காகிதத்தில் இருந்த பதவிகளுக்கு உயிர் வருகிறது

இந்தக் கதையில் மிகவும் கவனிக்கத் தக்க பகுதி இதுதான். பாடப்புத்தகங்கள் சுவரோடு நிறுத்திவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

கிழக்கு ஜெர்மனியில் ஆளும் கட்சியைத் தவிர இன்னும் நான்கு கட்சிகள் பெயருக்கு இருந்தன: கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, தாராளவாத ஜனநாயகக் கட்சி, விவசாயிகள் கட்சி, தேசிய ஜனநாயகக் கட்சி. நாடாளுமன்றத்தில் ஆளும் கட்சிக்கு 127 இடம், இந்த நான்குக்கும் ஆளுக்கு 52. மீதி இடங்கள் தொழிற்சங்கம், இளைஞர் சங்கம் போன்றவற்றுக்கு. அவற்றின் உறுப்பினர்களிலும் பெரும்பாலோர் ஆளும் கட்சிக்காரர்கள். நாற்பது ஆண்டுகள் தலையாட்டியே பழகிய பொம்மைக் கட்சிகள். ஆனால் பொம்மைக்கும் சட்டப்படி ஓட்டு இருந்தது. நூலைப் பிடித்த கை தளர்ந்ததும் அந்த ஓட்டு நிஜமானது.

நவம்பர் 13 அன்று நாடாளுமன்றத் தலைவர் பதவிக்குப் போட்டியும் ரகசிய வாக்கெடுப்பும் நடந்தன. விவசாயிகள் கட்சியின் மலாய்டா வென்றார். அதே நாள் ஹான்ஸ் மோட்ரோ பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரும் ஆளும் கட்சிக்காரர்தான், 1973 முதல் டிரெஸ்டன் மாவட்டச் செயலாளர். ஆனால் அந்த நவம்பர் வரை பொலிட்பீரோவுக்குள் அழைக்கப்படாமல் ஒதுக்கப்பட்டிருந்தவர். ஆடம்பரம் இல்லாதவர் என்ற பெயரும் இருந்தது. அவர் தன் அமைச்சரவையை 44 பேரிலிருந்து 28 ஆகக் குறைத்து, அதில் 11 இடங்களை மற்ற நான்கு கட்சிகளுக்குக் கொடுத்தார். அதுவரை பொலிட்பீரோவின் எழுத்தராக இருந்த பிரதமர், இப்போது பொலிட்பீரோவைக் கேட்காமல் ஆளத் தொடங்கினார்.

டிசம்பர் 1: நாடாளுமன்றம் சாசனத்தின் முதல் பிரிவிலிருந்து கட்சியின் தலைமைப் பங்கை நீக்கியது. டிசம்பர் 3: பொலிட்பீரோவும் மத்தியக் குழுவும் மொத்தமாக விலகின, ஹோனெக்கர், ஷ்டோஃப், மீல்கே உள்ளிட்டோர் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார்கள். கிரென்ஸின் கட்சிப் பதவி அன்றோடு போயிற்று. அரசுக் கவுன்சில் தலைவர் பதவியை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று நாள் இருந்து பார்த்தார்; டிசம்பர் 6 அன்று அதையும் விட்டார். அது தாராளவாத ஜனநாயகக் கட்சியின் மன்ஃப்ரெட் கெர்லாக்கிடம் போனது. டிசம்பர் 9 அன்று, அவசர மாநாட்டில், வழக்கறிஞர் கிரெகோர் கீஸி கட்சித் தலைவரானார்.

1971ஐயும் இந்த டிசம்பரையும் ஒப்பிடுங்கள். அப்போது கட்சித் தலைமை யாரிடமோ அவரிடம் நாடு. இப்போது கட்சித் தலைமைக்கு வந்த கீஸியிடம் ஒரு அமைச்சகம்கூட இல்லை. அதே கட்சி, ஆனால் பொதுச் செயலாளர் என்ற பதவியே இனி இல்லை. ஹோனெக்கரின் வாரிசு யார் என்று கேட்டால் கிரென்ஸ், கீஸி என்று பட்டியல் போடுவது வழக்கம். அதிகாரத்தைப் பின்தொடர்ந்தால் ஹோனெக்கருக்குப் பின் ஆண்டவர் மோட்ரோதான்.

வட்டமேசையும் கடைசி அரசும்

மோட்ரோவின் அதிகாரமும் முழுதல்ல. டிசம்பர் 7 முதல் பெர்லினில் வட்டமேசை கூடியது: ஒருபக்கம் பழைய கட்சிகள், மறுபக்கம் நியூ ஃபோரம் போன்ற புதிய இயக்கங்கள், நடுவில் தேவாலயப் பிரதிநிதிகள். சாசனத்தில் அதற்கு இடமே இல்லை. ஆனால் அதை மீறி அரசு எதையும் செய்ய முடியவில்லை. ஸ்டாசியைப் பெயர் மாற்றிப் புதிய உளவுத்துறையாக வைத்துக்கொள்ள மோட்ரோ முயன்றார். வட்டமேசையும் தெருவும் விடவில்லை, ஜனவரி நடுவில் கைவிட்டார். ஜனவரி 15 அன்று மக்கள் ஸ்டாசி தலைமையகத்துக்குள்ளேயே நுழைந்தார்கள். பிப்ரவரி 5 அன்று எதிர்ப்பு இயக்கங்களிலிருந்து எட்டுப் பேரை இலாகா இல்லாத அமைச்சர்களாகச் சேர்த்துக்கொண்டார். மே 6க்கு வைத்திருந்த தேர்தலை மார்ச் 18க்கு முன்தள்ளினார்கள். மே வரை இந்த அரசு தாங்காது என்று இரு தரப்புக்குமே தெரிந்திருந்தது.

தேர்தலில் 93.4 விழுக்காடு வாக்குப்பதிவு. 400 இடங்களில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு மட்டும் 163. பெயர் மாற்றிக்கொண்ட பழைய ஆளும் கட்சிக்கு 16.4 விழுக்காடு, 66 இடம். சுவரை அசைத்த இயக்கங்கள் சேர்ந்த கூட்டணிக்கு 2.9 விழுக்காடு, 12 இடம். தெருவை நிறைக்கத் தெரிந்தவர்களிடம் தேர்தலுக்கான அமைப்பும் பணமும் இல்லை. பொம்மைக் கட்சியாக இருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியிடம் ஊர் ஊராகக் கிளை இருந்தது, பின்னால் மேற்கு ஜெர்மன் பிரதமர் கோல் இருந்தார். ஏப்ரல் 5 அன்று அரசுக் கவுன்சில் கலைக்கப்பட்டது. நாடாளுமன்றத் தலைவர் சபீனே பெர்க்மான்-போல் நாட்டுத் தலைவர் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தார். ஏப்ரல் 12 அன்று லோதார் டி மெஸியேர் பிரதமரானார். ஆகஸ்ட் 23 அன்று அந்த அவை 294க்கு 62 என்ற ஓட்டில் மேற்கு ஜெர்மனியோடு சேர முடிவெடுத்தது. அக்டோபர் 3 அன்று நாடு இல்லாமல் போனது.

எல்லா இடத்திலும் இப்படித்தானா?

இல்லை. பல்கேரியாவில் 1989 நவம்பர் 10 அன்று கட்சித் தலைவர் ஷிவ்கோவை உள்ளிருந்தே நீக்கினார்கள், கிழக்கு ஜெர்மனியில் நடந்தது போலவே. ஆனால் அங்கே கட்சி பெயரை மாற்றிக்கொண்டு 1990 ஜூன் தேர்தலில் வென்றது. வேறுபாடு நாட்டின் அடிப்படையில் இருக்கிறது. கட்சி போனாலும் பல்கேரியா பல்கேரியாதான். கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருக்கக் கட்சியின் கொள்கையைத் தவிர வேறு காரணம் இல்லை. பக்கத்திலேயே பணக்கார ஜெர்மனி ஒன்று கதவைத் திறந்து வைத்திருந்தது. ருமேனியா மறு எல்லை. உள்ளிருந்து மாற்ற யாருக்கும் வழி விடாத சௌஷெஸ்கு நவம்பர் மாநாட்டில் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிசம்பர் 25 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதுபோன்ற ஒரு மாற்றத்தைப் பற்றி வேறு எங்காவது படிக்கும்போது சரிபார்க்க வேண்டியவை சில. புதியவருக்குக் கட்சி, அரசு, படை மூன்றும் ஒன்றாக வந்தனவா, ஒன்றாவது வேறு கைக்குப் போனதா? உளவுத்துறை அமைச்சர் யார் பக்கம்? வெளிப் புரவலர் பணமும் படையும் தருகிறாரா, வாழ்த்து மட்டும் சொல்கிறாரா? நாடாளுமன்றத்தில் முதல் ரகசிய ஓட்டு எப்போது நடந்தது? இவற்றில் கடைசிக் கேள்விக்குத் தேதி கிடைத்துவிட்டால், கட்சி ஆட்சியின் முடிவை அங்கிருந்தே எண்ணலாம்.

கிழக்கு ஜெர்மனியில் உண்மையான அதிகாரம் எங்கே இருந்தது என்ற கேள்வி பிறகு நீதிமன்றத்துக்கும் போனது. எல்லையைத் தாண்ட முயன்றவர்கள் சுடப்பட்டதற்கு யார் பொறுப்பு? 1997இல் பெர்லின் நீதிமன்றம் கிரென்ஸுக்கு ஆறரை ஆண்டும், ஷபோவ்ஸ்கிக்கும் அவருடைய சகா கிளைபருக்கும் மூன்று ஆண்டும் சிறைத் தண்டனை விதித்தது. மூவரும் துப்பாக்கியைத் தொட்டவர்கள் அல்ல. பொலிட்பீரோவில் உட்கார்ந்திருந்தவர்கள்.